ஓவல் என்றால் முட்டையா, நீள்வட்டமா?

மழலையர் வகுப்புச் சுவர்களில் மாட்டியிருக்கும் வடிவங்கள் படத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். வட்டம், சதுரம், முக்கோணம், செவ்வகம் வரைக்கும் எந்தச் சிக்கலும் இல்லை. அப்புறம் ஓவல் வரும். அதன் கீழே சில படங்களில் நீள்வட்டம் என்று எழுதியிருக்கும், சிலவற்றில் முட்டை வடிவம் என்று எழுதியிருக்கும், ஆனால் வரைந்திருப்பது பெரும்பாலும் ஒன்றேதான்: மேலும் கீழும் அமுக்கிய, இரண்டு முனையும் ஒரே அளவாக வளைந்த வட்டம். எந்தக் கோழியும் அப்படி முட்டை போடுவதில்லை. கோழிமுட்டையின் ஒரு பக்கம் மழுங்கி அகன்றிருக்கும், மறுபக்கம் ஒடுங்கிக் கூராகும்.

முட்டையிலிருந்து பிறந்த ஒரு சொல் எப்படி முட்டையின் முக்கியமான அடையாளத்தையே தொலைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. தமிழில் இந்த இரண்டு வடிவங்களுக்கும் தனித்தனியாக நல்ல சொற்கள் இருக்கின்றன, அவற்றைப் போட்டுக் கலக்குவது நமக்கு நட்டம் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணங்களையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. லத்தீனில் முட்டைக்கு ஓவம் என்று பெயர். அதிலிருந்து இடைக்கால லத்தீனில் ஓவாலிஸ், அதாவது முட்டை சார்ந்தது, முட்டை போன்றது என்ற உரிச்சொல் உருவானது. இதுவே பிரெஞ்சு, இத்தாலியன் வழியெல்லாம் பரவி 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் ஓவல் என்று நுழைந்தது. ஓவத்துக்குப் பின்னால் இன்னும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்று இருக்கிறது. கிரேக்கத்தில் ஓயோன், ஜெர்மனில் ஐ, வெல்ஷில் உய், ரஷ்யனில் யைத்ஸோ, பாரசீகத்தில் காயா என்று அதே வேர் பல உருவங்களில் கிளைத்திருக்கிறது. லத்தீனில் பறவைக்கு அவிஸ் என்று பெயர் என்பதால், முட்டைச் சொல் பறவைச் சொல்லிலிருந்தே வந்திருக்கும், ‘பறவையினுடையது’ என்பதே அதன் முதல் பொருளாக இருந்திருக்கும் என்று மொழியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். இது ஊகம்தான், ஆனால் நியாயமான ஊகம்.

ஆங்கிலத்தில் நடந்தது கொஞ்சம் விசித்திரமானது. அந்த மொழிக்குச் சொந்தமான பழைய முட்டைச் சொல் ஐ என்பது, அதன் பன்மை ஐரென். வடக்கிலிருந்து வந்து குடியேறிய வைக்கிங் மக்களின் நார்ஸ் மொழிச் சொல் எக். இரண்டும் ஒரே வேரில் பிறந்த உறவுகள், ஆனால் நெடுங்காலம் ஒரே நாட்டில் பக்கத்துப் பக்கத்தில் மோதிக்கொண்டு கிடந்தன. இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சுக்கூடம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490-இல் எழுதிய ஒரு முன்னுரையில் இதைப் பற்றிச் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றில் காற்றுக்காகக் காத்திருந்த வணிகர்கள் கரையிறங்கி ஒரு வீட்டில் சாப்பாடு கேட்கிறார்கள், அவர்களில் ஒருவர் ‘எக்’ இருக்கிறதா என்று கேட்க, அந்த வீட்டம்மா ‘எனக்குப் பிரெஞ்சு தெரியாது’ என்று சொல்லிவிடுகிறார். கேட்டவருக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பிறகு இன்னொருவர் ‘ஐரென்’ என்று கேட்டதும்தான் அந்த அம்மாவுக்குப் புரிந்ததாம். கடைசியில் வென்றது எக்.

இதன் விளைவைக் கவனியுங்கள். ஆங்கிலம் பேசுபவருக்குச் சாப்பிடுகிற பொருள் நார்ஸ் சொல்லில் இருக்கிறது, அதன் வடிவமோ லத்தீன் சொல்லில் இருக்கிறது. ஓவல் என்று கேட்கும்போது அவர் காதில் முட்டை விழுவதில்லை. இத்தாலியருக்கு முட்டை என்றால் உவோவோ, வடிவம் என்றால் ஓவாலே, ஆகவே தொடர்பு ஓரளவாவது ஒலிக்கிறது. ஜெர்மன்காரர்கள் ஓவல் என்பதையும் வைத்துக்கொண்டு, உண்மையான முட்டை உருவத்துக்கு ‘ஐஃபார்மிக்’ என்று முட்டையின் பெயர் அப்படியே கேட்கிற சொல்லையும் வைத்திருக்கிறார்கள். நாமும் முட்டை வடிவம் என்றால் உடனே முட்டையைத்தான் நினைக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த ஒலித்தொடர்பு அறுந்துபோனதால் சொல் மெல்ல நழுவி, நீளவாக்கில் உருண்ட எதற்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஓட்டப்பந்தயத் தடம், முகம் பார்க்கும் கண்ணாடி, மேஜை, ஒருவரின் முகம் எல்லாமே ஓவல்.

தொடக்கத்தில் இந்தக் குழப்பம் இல்லை என்பதற்கு அருமையான சான்று ஒன்று உண்டு. வேல்ஸ் நாட்டுக் கணிதரான ராபர்ட் ரெக்கார்ட், நாம் இன்றைக்கும் போடுகிற சமக்குறியை 1557-இல் அறிமுகப்படுத்தியவர், அதற்கு முன்பே 1551-இல் வடிவியலைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். கிரேக்கமும் லத்தீனும் தெரியாத கைவினைஞர்களுக்கும் புரிய வேண்டும் என்று அன்றாடச் சொற்களிலேயே எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தார். அதில் ஒரு முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் இருப்பதற்கு முட்டை உருவம் என்கிறார். வட்டத்தை நீளவாக்கில் அமுக்கியதுபோல் இரண்டு முனையும் சமமாக இருப்பதற்குப் பீப்பாய் உருவம் என்று வேறு பெயர் தருகிறார். 1551-லேயே இவ்வளவு தெளிவு! அந்தப் பெயர்கள் நிலைத்திருந்தால் மழலையர் படத்தில் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அவை நிலைக்கவில்லை, அடுத்த சில பத்தாண்டுகளில் ஓவல் வந்து இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிட்டது.

சரி, முட்டைக்குத்தான் ஒரே வடிவம் இருக்கிறதா? அதுவும் இல்லை. ஆந்தையின் முட்டை ஏறக்குறைய உருண்டை. நம் ஊர்க் கட்டாந்தரைகளிலும் ஏரிக்கரைகளிலும் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவியின் முட்டை ஒரு பக்கம் நன்றாகக் கூரானது, வழக்கமாக நான்கு முட்டைகள் கூர்முனை உள்பக்கம் பார்க்கும்படி அடுக்கியதுபோல் கிடக்கும். கடலாமை முட்டையோ முழு உருண்டை. இதைச் சங்கப் புலவர் ஒருவர் கூர்ந்து பார்த்திருக்கிறார். அகநானூறு 160-ஆம் பாட்டில் குமிழி ஞாழலார் நப்பசலையார், அடும்புக் கொடி சிதைய மணலைத் தோண்டி ஆமை புதைத்து வைத்த முட்டையை ‘கோட்டு வட்டு உருவின் புலவு நாறு முட்டை’ என்கிறார். கோடு என்பது தந்தம், வட்டு என்பது வட்டமான விளையாட்டுக் காய். தந்தத்தில் கடைந்த வட்டுப் போன்ற உருவம், வீச்சமோ புலால் வீச்சம். முட்டை என்ற சொல்லே வடிவத்தைச் சொல்லிவிடும் என்று அவர் விட்டுவிடவில்லை, இந்த முட்டை என்ன வடிவம் என்று தனியாகச் சொல்கிறார், வெண்மையும் வழவழப்பும் உருட்சியும் ஒரே உவமையில் வந்துவிடுகின்றன.

பறவை முட்டைகள் ஏன் இத்தனை விதமாக இருக்கின்றன என்பதற்குப் பல காலமாக ஒரே பதிலைச் சொல்லிவந்தார்கள்: பாறை விளிம்பில் முட்டையிடும் கடற்பறவைகளின் முட்டை கூராக இருந்தால் உருண்டு கீழே விழாமல் ஒரே இடத்தில் வட்டமடிக்கும் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எல்லாப் பறவைக்கும் அது பொருந்துமா? 2017-இல் மேரி காஸ்வெல் ஸ்டாடர்ட் தலைமையிலான குழு அருங்காட்சியகத்தில் சேமித்து வைத்திருந்த சுமார் 1,400 இனங்களின் ஏறக்குறைய 50,000 முட்டைகளின் படங்களை அளந்து ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டது. நன்றாகப் பறக்கும் பறவைகளின் முட்டைகள் நீண்டோ ஒருபக்கம் கூராகவோ இருக்கும் போக்கு அதில் தெரிந்தது. பறப்பதற்கு ஏற்றவாறு உடல் சுருங்கும்போது முட்டைக்குள் இருக்கும் அளவும் குறையாமல், குறுகலான வழியிலும் போக வேண்டும் என்றால் இந்த வடிவம் உதவும் என்பது அவர்கள் தரும் விளக்கம். இன்னொன்றும் சொன்னார்கள்: முட்டைக்கு வடிவம் தருவது வெளி ஓடு அல்ல, ஓட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு. ஓட்டை அமிலத்தில் கரைத்துவிட்டாலும் சவ்வோடு நிற்கும் முட்டை தன் உருவத்தை விடுவதில்லை.

கணிதத்திலும் முட்டையைப் பிடிப்பது எளிதாக இருக்கவில்லை. உருண்டை, நீள்வட்ட உருண்டை, வழக்கமான முட்டை, பேரிக்காய் மாதிரிக் கூரான முட்டை என்று நான்கு வகைக்கும் பொருந்தும் ஒரே வாய்பாட்டை நருஷின், ரொமானொவ், கிரிஃபின் ஆகிய மூவர் 2021-இல்தான் வெளியிட்டார்கள். நீளம், மிக அகன்ற இடத்தின் அகலம், அந்த அகன்ற இடம் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, நீளத்தின் கால்பங்கில் விட்டம் எவ்வளவு என்ற நான்கு அளவுகள் அதற்குப் போதும். மூன்றாவது அளவைப் பாருங்கள், நடுவிலிருந்து தள்ளியிருப்பது. அது சுழியமானால் இரண்டு பக்கமும் கனம் சமமாகி முட்டை என்பதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்ட எனக்குப் பிடித்த கதை வானியலாளர் கெப்ளருடையது. 1601-இல் மூத்த வானியலாளர் டைக்கோ பிராகே இறந்தபிறகு, அவர் ஆண்டுக்கணக்கில் அளந்து வைத்திருந்த செவ்வாய்க் கோளின் நிலைகள் கெப்ளர் கைக்கு முழுமையாக வந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளாக எல்லோரும் நம்பியபடி செவ்வாய் வட்டத்தில்தான் போகிறது என்று வைத்து அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். 8 கோணநிமிடம் இடித்தது. ஒரு பாகையை 60 பங்காக்கினால் அதில் 8 பங்கு, வேறு யாராக இருந்தாலும் அளவுப் பிழை என்று ஒதுக்கியிருப்பார்கள். டைக்கோ அந்த அளவு தவறமாட்டார் என்று கெப்ளருக்குத் தெரியும், அதனால் வட்டத்தையே கைவிட்டார். அதற்குப் பதிலாக அவர் எடுத்துக்கொண்டது நீள்வட்டம் என்றுதான் நாம் பள்ளியில் படிக்கிறோம். இடையில் ஒரு முட்டை இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

அவர் முதலில் வரைந்தது உண்மையிலேயே முட்டை, ஒரு முனை மழுங்கல், மறுமுனை கூர். தன் நூலில் அதை முட்டை என்றே அழைக்கிறார். அந்த முட்டைக்குள் பரப்பளவு கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு வழி தெரியாமல் மாதக்கணக்கில் திண்டாடினார். நண்பர் டேவிட் ஃபாப்ரிசியஸுக்கு 1603-இல் எழுதிய கடிதத்தில், இந்த உருவம் மட்டும் சரியான நீள்வட்டமாக இருந்திருந்தால் பழைய கிரேக்கக் கணிதர்களான ஆர்க்கிமிடீஸும் அப்பொல்லோனியஸும் எழுதி வைத்ததிலேயே விடை கிடைத்திருக்குமே என்று ஆதங்கப்படுகிறார். இதில் இன்னொரு வியப்பு, முட்டையின் பரப்பைக் கணக்கிட முடியாததால் அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒரு நீள்வட்டத்தை வெறும் கணக்கு வசதிக்காகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். உண்மையான பாதையும் ஒரு நீள்வட்டம் என்பது அவருக்கு அப்போது தோன்றவே இல்லை. வட்டம் ஒரு பக்கம் தவறியது, முட்டை அதற்கு நேர் எதிர்ப்பக்கம் அதே அளவு தவறியது, உண்மை இரண்டுக்கும் நடுவே இருந்தது. அந்த நடுவில் இருப்பது வேறொரு நீள்வட்டம் என்று தெரிந்தபோது தன்னையே கடிந்துகொண்டார். 1605-இல் முடிவுக்கு வந்து 1609-இல் அந்த நூல் வெளியானது.

செவ்வாயின் நீள்வட்டம் எவ்வளவு அமுங்கியது தெரியுமா? 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு அதை வரைந்தால் அகலம் நீளத்தைவிட அரை மில்லிமீட்டர்கூடக் குறையாது. கண்ணால் பார்த்தால் வட்டம்தான். அந்த அரை மில்லிமீட்டருக்குள் வட்டமா, முட்டையா, நீள்வட்டமா என்று ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் போராடித்தான் நவீன வானியல் பிறந்தது. பாடப்புத்தகத்தில் கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று படிக்கும் மாணவருக்கு, நீள்வட்டம் என்றாலும் முட்டை வடிவம் என்றாலும் ஒன்றுதான் என்று சின்ன வகுப்பில் பதிந்திருந்தால், கெப்ளர் என்ன சாதித்தார் என்பதே புரியாமல் போய்விடும்.

நீள்வட்டம் என்பதற்கு இணையான கிரேக்கச் சொல்லுக்கும் முட்டைக்கும் எந்த உறவும் இல்லை. பெர்கா ஊரைச் சேர்ந்த அப்பொல்லோனியஸ் வைத்த பெயர் எல்லெய்ப்சிஸ், அதற்குக் ‘குறைபடுதல்’ என்று பொருள், கூம்பை வெட்டும்போது வரும் பரப்பு ஒப்பீட்டில் ஒன்று மற்றதைவிடக் குறைவதால் வந்த பெயர். நீள்வட்டத்துக்குக் கறாரான வரையறை உண்டு: இரண்டு நிலையான புள்ளிகளிலிருந்து உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை எங்கேயும் மாறாது. ஓவலுக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை இல்லை. 1637-இல் ரெனே தெக்கார்த் ஒளி விலகலுக்காகச் சில ஓவல்களை உருவாக்கினார், அவை உண்மையான முட்டை வடிவம். 1680-இல் வானியலாளர் காசினி தன் பங்குக்கு வேறு சில ஓவல்களைக் கொடுத்தார், அவற்றில் சில இடுப்பு ஒடுங்கி எட்டு என்ற எண்ணைப் போலவே ஆகிவிடும்.

தெக்கார்த்தின் முட்டைகளை வரைய எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தவர் ஒரு பள்ளிப் பையன். பின்னாளில் மின்காந்தவியலுக்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்தான் அவர். 1846-இல் அவருக்கு வயது 14, எடின்பரோ ராயல் சொசைட்டியின் கூட்டத்தில் நின்று பேசுகிற வயது இல்லை என்பதால் அவர் கட்டுரையை ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற பேராசிரியர் படித்தார். வழி இதுதான், வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பலகையில் இரண்டு ஆணி அடித்து, நூலின் இரண்டு நுனியையும் அவற்றில் கட்டி, பென்சிலால் நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றினால் நீள்வட்டம் வரும், இது பலருக்கும் தெரிந்தது. மேக்ஸ்வெல் செய்த மாற்றம், ஒரு நுனியை முதல் ஆணியில் கட்டி, நூலைப் பென்சிலைச் சுற்றி இரண்டாவது ஆணிக்குக் கொண்டுபோய், அதையும் சுற்றித் திரும்பக் கொண்டுவந்து மறுநுனியைப் பென்சிலிலேயே கட்டுவது. இப்போது ஒரு ஆணியின் பக்கம் ஒற்றை நூல், மற்றதன் பக்கம் இரட்டை நூல். பென்சிலைச் சுற்றினால் ஒற்றை நூல் பக்கம் கூராகவும் இரட்டை நூல் பக்கம் மழுங்கலாகவும் முட்டை வந்து நிற்கும். ஆணிகளுக்கு இடையில் உள்ள தூரத்தைப் போல இரண்டரை மடங்கு நூல் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். நீள்வட்டத்துக்கும் முட்டைக்கும் இருக்கிற உறவும் பிரிவும் இதைவிடத் தெளிவாக எதிலும் தெரியாது. வடிவங்கள் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து காட்ட வேண்டும்.

இடப்பெயர்களில் முட்டை முழுவதுமாகக் காணாமல் போய்விட்டது. லண்டனின் கெனிங்டனில் இருக்கும் ஓவல் மைதானத்தில் கிரிக்கெட் தொடங்கியது 1845-இல், ஆனால் பெயர் அதற்கும் மூத்தது, அந்த நிலத்தைச் சுற்றிப் போட்ட நீள்வட்டச் சாலையிலிருந்து வந்தது. மைதானமாவதற்கு முன்பு அது காய்கறித் தோட்டம். இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் போட்டி 1880-இல் அங்கேதான் நடந்தது. ஆஸ்திரேலியாவில் இந்தப் பெயர் இன்னும் ஒரு படி போய், எந்த விளையாட்டுத் திடலுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. நம் பக்கத்தில் கொழும்பு ஓவல் உண்டு, தமிழ் யூனியன் கிரிக்கெட், தடகள சங்கத்தின் மைதானம், இப்போது பாக்கியசோதி சரவணமுத்து பெயரைத் தாங்கி நிற்கிறது, இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை 1982 பிப்ரவரியில் ஆடியது அங்கேதான். அமெரிக்க அதிபரின் ஓவல் அலுவலகம் 1909-இல் முதலில் கட்டப்பட்டு, 1934-இல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது, சுமார் 36 அடி நீளமும் 29 அடி அகலமும் கொண்ட அந்த அறை இரண்டு முனையும் சமமான சுத்தமான நீள்வட்டம். பெயரில் மட்டும்தான் முட்டை.

கிரிக்கெட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடலாம். ஓட்டம் எடுக்காமல் ஆட்டமிழந்தால் டக் என்கிறோமே, அது வாத்து முட்டை என்பதன் சுருக்கம், சுழியம் முட்டை மாதிரி இருப்பதால் வந்தது. ‘கணக்குல முட்டை வாங்கிட்டான்’ என்று நாம் சொல்வதும் அதே பார்வைதான். டென்னிஸில் சுழியத்துக்கு லவ் என்பது பிரெஞ்சு முட்டைச் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது, அதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் கிடையாது.

முட்டை உருவம் பெயரளவில் இல்லாமல் உண்மையிலேயே வேலை செய்யும் ஓர் இடம் சாக்கடை. 19-ஆம் நூற்றாண்டு லண்டனில் செங்கல் சாக்கடைகளை முட்டை வடிவில், கூர்முனை கீழே இருக்கும்படி கட்டினார்கள். உயரம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. காரணம் எளிது: வெயில் காலத்தில் தண்ணீர் கொஞ்சமாக வரும்போது அடிப்பக்கம் அகலமாக இருந்தால் அது பரவி, வேகம் குறைந்து, கசடு தங்கிவிடும். அடி குறுகலாக இருந்தால் அதே கொஞ்சத் தண்ணீர் ஆழமாக ஓடிக் கசடை அடித்துக்கொண்டு போகும். மழை வந்தால் மேலே அகன்ற பகுதி பெருவெள்ளத்தையும் வாங்கிக்கொள்ளும். இரண்டு முனையும் ஒன்றாக இருக்கும் நீள்வட்டத்தில் இந்த இரட்டை ஆதாயம் வராது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். முட்டை என்பது திராவிடச் சொல், மலையாளத்தில் முட்ட, கன்னடத்தில் மொட்டெ. தெலுங்கில் மட்டும் குட்டு என்று வேறு மாதிரி. வடமொழியிலிருந்து வந்தது அண்டம். சாந்தோக்கிய உபநிடதத்தில் தொடக்கத்தில் ஒரு முட்டை இருந்ததாகவும், அது பிளந்து வெள்ளிப் பாதி மண்ணாகவும் பொன் பாதி வானாகவும் ஆனதாகவும் வருகிறது. அந்த எண்ணத்தின் தொடர்ச்சியில்தான் பிரம்மாண்டம் என்ற சொல் வந்தது, நாம் அதைக் கல்யாண மண்டபத்துக்கும் சினிமா செட்டுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஓவலுக்கு நேர்ந்ததே அண்டத்துக்கும் நேர்ந்தது. சாஞ்சி போன்ற தூபிகளில் அரைக்கோளமாக எழும் பகுதிக்கு அண்டம் என்று பெயர், அதில் முட்டையின் கூர்முனையைத் தேடினாலும் கிடைக்காது. திருவாசகத்தில் மாணிக்கவாசகர் ‘அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்’ என்று தொடங்கும்போது அண்டங்கள் உண்டைகளாக, உருண்டைகளாக ஆகிவிட்டன. முட்டை என்று பிறந்த சொல்லுக்கே உருண்டை என்று தனியாக வடிவம் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘அண்டத்தில் உள்ளதே பிண்டம்’ என்று சொல்லும்போது யாருக்கும் முட்டை ஞாபகம் வருவதில்லை. சித்த மருத்துவத்தில் மட்டும் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. அண்ட ஓட்டுப் பற்பம் என்றால் முட்டையோட்டைப் புடமிட்டுச் செய்த பற்பம், அண்டத் தைலம் என்றால் முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் எண்ணெய்.

அரபியில் முட்டை பைளா. வெண்மையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல், முட்டை வடிவத்துக்கு அங்கே பைளவி என்பார்கள். ஆக லத்தீன் வழியில் முட்டை பறவையோடும், அரபி வழியில் நிறத்தோடும் சேர்ந்திருக்கிறது. முட்டை போன்றது என்றால் வடிவம்தான் என்று நினைத்துவிடுவதும் தவறு. கிரேக்க மருத்துவர் காலென் கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிந்த நீரை முட்டை போன்ற நீர் என்றார், அதை அரபியில் மொழிபெயர்த்தவர்களும் அப்படியே முட்டை நீர் என்றார்கள். அங்கே ஒப்புமை வெள்ளைக்கருவோடு. வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஓவல் தேய்ந்துபோனதால் அறிவியலாளர்கள் வேறு சொற்களைத் தேடினார்கள். கன உருவத்துக்கு ஓவாய்ட், லத்தீன் முட்டையோடு உருவம் என்ற கிரேக்க விகுதியை ஒட்டவைத்த கலப்புச் சொல். ஆனால் முட்டையின் கூரையும் மழுங்கலையும் உண்மையாகக் காப்பாற்றியவர்கள் தாவரவியலாளர்கள்தான் என்று நான் சொல்வேன். அவர்களில் முன்னோடியான லின்னேயஸ் 1751-இல் தாவர வருணனைக்கு விதிமுறைகளை ஒழுங்குபடுத்திய நூலை வெளியிட்டார். அந்த மரபில் ஓவாட்டுஸ் என்றால் காம்பின் பக்கம் அகன்று நுனியின் பக்கம் ஒடுங்கும் இலை. அதற்கு நேர்மாறாகக் காம்பின் பக்கம் ஒடுங்கி நுனிப்பக்கம் அகன்றிருந்தால் ஒபொவாட்டுஸ், முன்னால் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன முன்னொட்டுக்குத் தலைகீழ் என்று பொருள். இரண்டு முனையும் சமமாக இருந்தால் நீள்வட்டம், அதற்கு வேறு சொல். ஓர் இலையை நேரில் பார்க்காமலே வருணனையைப் படித்து அடையாளம் காண வேண்டியிருக்கிறது, எந்தப் பக்கம் அகலம் என்று தெரியாவிட்டால் வேறு செடியாகிவிடும். அதனால் அவர்களால் சோம்பலாக இருக்க முடியவில்லை.

நம் தமிழ்த் தாவர நூல்களும் இதைச் சரியாகவே செய்கின்றன: முட்டை வடிவ இலை, தலைகீழ் முட்டை வடிவ இலை, நீள்வட்ட இலை. செம்பருத்தி இலை முட்டை வடிவம். முந்திரி இலையும், தெருவோரம் நிழலுக்கு நிற்கிற நாட்டு வாதுமையின் பெரிய இலையும் தலைகீழ் முட்டை வடிவம், காம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தாலே அகலம் மேலே போயிருப்பது தெரியும். இலைக்கு முடிகிறதென்றால் மழலையர் படத்துக்கு ஏன் முடியக்கூடாது? இரண்டு முனையும் சமமானால் நீள்வட்டம் என்றும், ஒரு பக்கம் ஒடுங்கினால் முட்டை வடிவம் என்றும் இரண்டு படமாகப் போடலாம், எதுவென்று கறாராகச் சொல்ல வேண்டாத இடத்தில் மட்டும் ஓவலை ஓவல் என்றே விட்டுவிடலாம்.